சின்ன மீன் ஏறும் ஆறு

கனடாவின் ரெட் நதியில் பெரிய மீன் பிடிக்க வருபவர்கள் முதலில் தேடுவது, விரல் நீளச் சிறு மீனைத்தான். அந்தச் சிறு மீனின் கதையைத் தொடர்ந்து போனால், அது கோதுமை வயலில் போய் நிற்கிறது.

அக்டோபர் மாதத்தில் ஒரு விடியற்காலை. கனடா நாட்டின் மானிடோபா மாகாணத்தில், செல்கிர்க் என்ற சிறு நகரத்தின் படகுத்துறையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒரு படகு. குளிர் எலும்பைத் தொடும். கம்பளிக் குல்லாவும் கையுறையும் மாட்டிக்கொண்டு, குடுவையில் சூடாகக் காபி எடுத்துக்கொண்டு, பொழுது புலர்வதற்குள் ஆற்றில் இறங்கிவிடவேண்டும் என்று ஆளாளுக்கு அவசரப்படுவார்கள். பக்கத்து நகரமான வின்னிபெக்கிலிருந்து வந்த அலுவலகக்காரர்கள் இருப்பார்கள். கோதுமையும் கனோலாவும் அறுத்து முடித்து, இரண்டு நாள் மூச்சுவிட வந்த விவசாயிகளும் இருப்பார்கள்.

எல்லோரும் தேடி வருவது ஒரே மீனை. பாட நூல்களில் அதன் பெயர் வால்ஐ. மானிடோபாக்காரர்கள் அதை 'பிக்கரல்' என்றுதான் சொல்வார்கள். இலையுதிர் காலத்தில் ஏரியிலிருந்து ஆற்றுக்குள் ஏறிவரும் பிக்கரலின் முதுகு பச்சையாகப் பளபளக்கும். அதனால் அதற்கு 'கிரீன்பேக்', அதாவது பச்சை முதுகு, என்று இன்னொரு பெயர்.

வடக்கே ஓடும் ஆறு

ரெட் நதி கொஞ்சம் வித்தியாசமான ஆறு. அமெரிக்காவில் வட டகோட்டா, மின்னசோட்டா மாநிலங்களின் எல்லையில் பிறந்து, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. எல்லை தாண்டிக் கனடாவுக்குள் வந்து, வின்னிபெக் நகரைக் கடந்து, வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. நீளம் சுமார் 885 கிலோமீட்டர்.

இந்த ஆறு ஓடும் நிலம், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் உருகித் தேங்கிய அகாசி என்ற மாபெரும் ஏரியின் அடித்தளம். ஏரி வடிந்தபிறகு, கறுத்த களிமண் வண்டல் மட்டும் மிஞ்சியது. பரம்பு அடித்ததுபோல் நிலம் மட்டமாகக் கிடக்கும். ஆற்றின் சரிவு கிலோமீட்டருக்குச் சில அங்குலம்தான். அதனால் தண்ணீர் அவசரமில்லாமல், வளைந்து வளைந்து, வண்டலைச் சுமந்துகொண்டு கலங்கலாகவே போகும்.

வடக்கே ஓடுவதில் ஒரு சங்கடமும் உண்டு. வசந்த காலத்தில் தெற்கே பனி முதலில் உருகிவிடும். அந்தத் தண்ணீர் கீழே இறங்கி வரும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. 1950-லும் 1997-லும் வந்த பெருவெள்ளங்களை அந்தப் பகுதி மக்கள் இன்றும் பேசுவார்கள். 1950 வெள்ளத்துக்குப் பிறகு, வின்னிபெக் நகரைச் சுற்றி வெள்ளத்தைத் திருப்பிவிட ஒரு பெரிய வாய்க்காலையே வெட்டினார்கள். அந்த வேலை 1968-ல் முடிந்தது.

வின்னிபெக்கிலிருந்து வடக்கே அரை மணி நேரப் பயணத்தில் லாக்போர்ட் வரும். அங்கே ஆற்றின் குறுக்கே 1910-ல் கட்டி முடித்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தடுப்பணை இருக்கிறது. பாறைகள் நிறைந்த வேகநீர்ப் பகுதியைப் படகுகள் தாண்டிப் போவதற்காகக் கட்டியது. இதன் மதகு, மரச் சட்டங்களைக் கோத்துச் செய்த திரை. குளிர்காலம் வருமுன் அந்தத் திரையைச் சுருட்டி மேலே தூக்கிவிடுவார்கள். கோடையில் இந்த அணைக்குக் கீழே கூழைக்கடா எனப்படும் வெள்ளைப் பெலிகன் பறவைகள் கூட்டமாக நின்று மீன் பிடிக்கும். பறவை நிற்கும் இடத்தில் மீன் இருக்கும் என்பது எந்த ஊர் ஆற்றுக்கும் பொருந்தும்.

லாக்போர்ட்டுக்கும் வடக்கே, ஆற்றங்கரையிலேயே செல்கிர்க். ஊருக்குள் ஒரு பெரிய கெளுத்தி மீன் சிலை வரவேற்கும். கோடையில் இந்த ஆறு கெளுத்திக்குப் பேர்போனது. இலையுதிர் காலம் வந்தால் பேச்செல்லாம் பிக்கரலைப் பற்றித்தான்.

மாட்டுக் கண் மீன்

இரவில் டார்ச் அடித்தால் மாட்டின் கண் பளிச்சென்று மின்னும். பிக்கரலின் கண்ணும் அப்படித்தான். கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், மங்கலான வெளிச்சத்திலும் கலங்கல் நீரிலும் அதற்கு நன்றாகப் பார்வை தெரியும். வால்ஐ என்ற பெயர் வந்ததே இந்தக் கண்ணால்தான்.

அதன் வாழ்க்கை முறையும் இந்தக் கண்ணை ஒட்டியே அமைந்திருக்கிறது. உச்சி வெயிலில் ஆழத்தில் கிடக்கும். விடியலிலும் அந்தியிலும் இரை தேடக் கிளம்பும். இரையாகும் சிறு மீனுக்கு அந்த நேரத்தில் கண் சரியாகத் தெரியாது. பிக்கரலுக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் அதன் அறுவடைக் காலம். படகுக்காரர்கள் இருட்டில் எழுந்து வருவதும் இதற்காகத்தான்.

இலையுதிர் காலத்தில் பிக்கரலுக்குப் பசி அதிகம். காரணம் முட்டை. வசந்தத்தில் இடப்போகும் முட்டைகள், இலையுதிர் காலத்திலேயே பெண் மீனின் வயிற்றில் வளரத் தொடங்கிவிடும். பெரிய தாய் மீன் ஒன்று லட்சக்கணக்கில் முட்டையிடும். அதற்கு வேண்டிய கொழுப்பைக் குளிர்காலத்துக்கு முன்பே சேர்த்துக்கொள்ள வேண்டும். சினை மாட்டுக்குத் தீவனம் கூட்டுவதுபோல, இந்த மீன் தனக்குத் தானே தீவனம் கூட்டிக்கொள்ளும் காலம் இது.

இரை எங்கே, மீன் அங்கே

அந்தத் தீவனம்தான் எமரால்டு ஷைனர் என்ற சிறு மீன். கெண்டை வகையறா. நம்மூர் வெள்ளிச்சிக் கெண்டையைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் சட்டென்று பிடிபடும். விரல் நீளம், மெலிந்த உடம்பு, வெள்ளி நிறம். முதுகில் மட்டும் மரகதம்போல் ஒரு பச்சை ஓட்டம். ஆயுள் மூன்று வருடம் போலத்தான். நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத் தின்று வாழும்.

ஷைனர் தனியாகத் திரியாது. ஆயிரக்கணக்கில் கூட்டம் கூட்டமாகவே இருக்கும். பெரிய மீன் பாய்ந்தால், கூட்டம் முழுக்க ஒரே நொடியில் திரும்பும். உடம்பின் பக்கவாட்டில் ஓடும் ஒரு கோட்டினால், பக்கத்து மீனின் அசைவை நீரின் அதிர்விலேயே அவை உணர்ந்துகொள்கின்றன. அத்தனை மீனும் ஒன்றாக மினுங்கித் திரும்பும்போது, எதைப் பிடிப்பது என்று துரத்தும் மீன் திகைத்துப்போகும். கூட்டம்தான் சின்ன மீனுக்குப் பாதுகாப்பு. கூட்டத்தை விட்டுப் பிரிந்த மீன் தப்புவது கடினம்.

பகலில் ஷைனர் கூட்டம் ஆழத்துக்கு இறங்கும். இருட்டினால் நுண்ணுயிர்கள் மேலே வரும், அவற்றைத் தொடர்ந்து ஷைனரும் மேலே வரும். ஷைனரைத் தொடர்ந்து பிக்கரல் வரும். ஒன்றின் பின்னால் ஒன்றாக, மூன்றும் தினமும் ஏறி இறங்குகின்றன.

செப்டம்பர் கடைசியில் ஏரி குளிரத் தொடங்கும். காற்று பலத்து அலை எழும். அப்போது ஷைனர் கூட்டங்கள் திறந்த ஏரியை விட்டுக் கரையோரத்துக்கும் ஆற்று வாய்க்கும் ஒதுங்கும். அங்கிருந்து ரெட் நதிக்குள் ஏறும். வடக்கேயிருந்து பலமான காற்று அடித்தால் ஏரித் தண்ணீர் தெற்குக் கரைக்குத் தள்ளப்பட்டு, ஆற்றின் கடைசிப் பகுதியில் நீர்மட்டமே உயர்ந்துவிடும். வடகாற்று அடித்து ஓய்ந்த மறுநாள் நல்ல மீன் கிடைக்கும் என்பது அந்தப் பகுதித் தூண்டில்காரர்களின் நம்பிக்கை. புதுத் தண்ணீரோடு சின்ன மீன் வரும், சின்ன மீனோடு பெரிய மீன் வரும் என்பது அவர்கள் கணக்கு.

ஆற்றுக்குள் வந்த ஷைனர் எங்கே தங்கும்? வேகமான நீரோட்டத்தை எதிர்த்து நாளெல்லாம் நீந்த அதனால் முடியாது. ஆற்று வளைவின் உள்பக்கம், பாலத் தூணின் பின்புறம், ஓடை வந்து கலக்கும் வாய் என்று நீர் தணிந்து நிற்கும் இடங்களில் ஒதுங்கும். பிக்கரல், ஓடும் நீரும் நிற்கும் நீரும் சந்திக்கும் ஓரத்தில், அடித்தரையை ஒட்டிக் காத்துக் கிடக்கும். வயிற்றை நிரப்ப வேண்டும், உடம்பிலுள்ள கொழுப்பை வீணாகச் செலவழிக்கவும் கூடாது. அதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை.

தண்ணீர் இன்னும் குளிர்ந்தால் சின்ன மீனின் வேகம் குறையும். பிக்கரல் குளிர் தாங்கும் மீன். ஆறு உறையும்வரை, ஏன், உறைந்த பிறகும் அது வேட்டையாடும்.

ஈயத்தலைத் தூண்டில்

தேர்ந்த தூண்டில்காரர் படகை நிறுத்தியதும் தூண்டிலை எடுக்கமாட்டார். முதலில் தண்ணீரைப் பார்ப்பார். மேற்பரப்பில் மழைத்துளி விழுந்ததுபோல் சிறு சுழிப்புகள் தெரிகின்றனவா, கடற்காக்கைகள் தாழப் பறக்கின்றனவா என்று கவனிப்பார். இப்போது ஒலியலையை அனுப்பி மீன் காட்டும் கருவி பல படகுகளில் உண்டு. அதிலும் அவர்கள் முதலில் தேடுவது பெரிய மீனின் கோட்டை அல்ல, சின்ன மீன் கூட்டத்தின் மேகம் போன்ற தடத்தைத்தான்.

பிறகு நங்கூரம் போடுவார்கள். தூண்டில் முள்ளின் தலையில் ஈயக்குண்டு வார்த்திருக்கும். அதை 'ஜிக்' என்பார்கள். முள்ளில் உப்பிட்ட ஷைனர் ஒன்றைக் கோத்து, நேராக அடித்தரைக்கு இறக்குவார்கள். தரை தட்டியதும் அரை அடி உயர்த்துவார்கள். மெதுவாகத் தூக்குவது, விடுவது, சும்மா நிறுத்துவது. இவ்வளவுதான் வித்தை. பெரும்பாலும் நிறுத்தியிருக்கும்போதுதான் மீன் கவ்வும். வெடுக்கென்று இழுக்காது. நரம்பில் லேசாகக் கனம் கூடியதுபோல் தெரியும். புதியவர்கள் அதை உணரும் முன்பே மீன் இரையைத் துப்பிவிட்டுப் போய்விடும்.

மானிடோபாவில் தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கி இருக்கக்கூடாது என்பது சட்டம். அதைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். திருப்பி விடும் மீனுக்குக் காயம் குறைவாக இருக்கும். உரிமம் எடுக்காமல் தூண்டில் போட முடியாது. எத்தனை மீன், எந்த அளவு மீன் என்பதற்கும் வரம்பு உண்டு. 71 சென்டிமீட்டருக்குக் குறையாத பிக்கரலைப் பிடித்தால் மாகாணத்தின் 'மாஸ்டர் ஆங்லர்' பட்டியலில் பெயர் ஏறும். அந்த அளவுக்கு வளர்ந்தவை அநேகமாகத் தாய் மீன்கள். அளந்து, படம் பிடித்துக்கொண்டு, ஆற்றிலேயே விட்டுவிடுவது நல்ல வழக்கமாகப் பரவியிருக்கிறது. விதை நெல்லைச் சோறாக்கக் கூடாது என்று விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சில நேரம், படகில் ஏற்றிய பிக்கரல் வாயிலிருந்து பாதி செரித்த ஷைனரைக் கக்கும். அனுபவசாலிகள் அதைக் கழுவிக் கூர்ந்து பார்ப்பார்கள். அதன் அளவுக்குத் தகுந்தபடி அடுத்த இரையை மாற்றிக்கொள்வார்கள்.

எலும்பில் செய்த களைக்கொட்டு

இந்த ஆற்றங்கரையில் மீனும் வெள்ளாமையும் சேர்ந்தே இருந்து வந்திருக்கின்றன. லாக்போர்ட்டில் நடந்த அகழாய்வில், காட்டெருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த மண்வெட்டிகளும், கரிந்த மக்காச்சோள மணிகளும், தானியம் சேமித்த குழிகளும் கிடைத்தன. ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முந்தியவை. ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, இவ்வளவு வடக்கே, பழங்குடி மக்கள் மக்காச்சோளம் பயிரிட்டிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயர் கெனோசெவுன். கிரீ மொழியில் 'மீன்கள் நிறைய உள்ள இடம்' என்று பொருள்.

மீன் பிடிக்கும் கரையிலேயே விதைத்த அந்த மக்களுக்கு, வயலும் ஆறும் வெவ்வேறாகத் தெரிந்திருக்காது. இன்று வயல் பெரிதாகிவிட்டது.  ஆனாலும் தொடர்பு அறுந்துபோகவில்லை.

வயலிலிருந்து ஏரிக்கு

வின்னிபெக் ஏரி உலகின் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்று. பரப்பு 24,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். பழங்குடி மீனவர்களும், 1875 முதல் குடியேறிய ஐஸ்லாந்துக்காரர்களின் வழிவந்தவர்களும் வலைபோட்டுப் பிழைக்கும் ஏரி. கோடையில் இதன் மேல் பச்சைப் பாய் விரித்ததுபோல் நீலப்பச்சைப் பாசி படர்கிறது. செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும் அளவுக்குப் படர்கிறது. பாசி செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது. சில வகைப் பாசியில் நஞ்சும் உண்டு. 2013-ல் சர்வதேச அமைப்பு ஒன்று, ஆபத்தில் இருக்கும் ஏரி என்று அந்த ஆண்டுக்கு இதைத்தான் அறிவித்தது.

பாசிக்குத் தீனி பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து. ஏரிக்கு வரும் தண்ணீரில் ரெட் நதியின் பங்கு ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான். ஆனால் ஏரிக்கு வரும் பாஸ்பரஸில் பாதிக்கும் மேல் இந்த ஒரு ஆறு கொண்டுவந்து கொட்டுகிறது. நகரக் கழிவுநீர் ஒரு காரணம். வயல்களிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வடியும் நீர் இன்னொரு பெரிய காரணம்.

சத்து கூடினால் நுண்ணுயிர் கூடும், சின்ன மீன் கூடும், பெரிய மீனும் கூடும். அதெல்லாம் ஓர் அளவு வரைக்கும்தான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரியில் பிக்கரல் நிறையவே கிடைத்தது. அளவு மீறினால் பாசி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். போதாக்குறைக்கு, 2013 அக்டோபரில் ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி என்ற வெளிநாட்டுச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அது நீரை வடிகட்டி நுண்ணுயிர்களைத் தின்னும். அந்த நுண்ணுயிர்தான் ஷைனருக்கும் உணவு. சின்ன மீனின் சோற்றுத் தட்டுக்கு இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் இடைஞ்சல்.

வயலில் என்ன செய்யலாம் என்று மானிடோபா விவசாயிகளும் ஆராய்ச்சியாளர்களும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். அதில் வியப்பான ஒரு முடிவும் வந்தது. ரெட் நதியில் போய்ச் சேரும் டொபாக்கோ கிரீக் ஓடைப் பகுதியில், அருகருகே இருந்த இரண்டு வடிநிலங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் வழக்கமான உழவு. இன்னொன்றில் உழவைக் குறைத்து, பயிர்த்தாளை மேலேயே விட்டார்கள். உழவு குறைந்த நிலத்தில் மண் அரிப்பு குறைந்தது, தழைச்சத்து வெளியேறுவதும் குறைந்தது. ஆனால் பாஸ்பரஸ் வெளியேறுவது கூடியது.

காரணம் பனி. அங்கே ஆண்டு நீரோட்டத்தில் பெரும்பகுதி, வசந்தத்தில் பனி உருகும் சில வாரங்களில் ஓடிவிடும். அடிமண் உறைந்து கிடப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே வழியும். உறைந்து நொந்த பயிர்த்தாளிலிருந்தும், உழாததால் மேல்மண்ணிலேயே தங்கிவிட்ட உரத்திலிருந்தும் பாஸ்பரஸைக் கரைத்துக்கொண்டு போகும். மண் அரிப்புக்கு நல்ல மருந்தாக இருந்த ஒன்று, கரைந்து ஓடும் சத்துக்கு மருந்தாகவில்லை.

அதற்காக யாரும் உழவு குறைப்பை ஒரேயடியாகக் கைவிடவில்லை. உரத்தைத் தூவாமல் விதையோடு சேர்த்து மண்ணுக்குள் இடுவது, மண் பரிசோதனைக்குத் தகுந்த அளவு மட்டும் இடுவது, தொழுவ உரத்தை மண்ணுக்குள் செலுத்துவது என்று வழிகளை மாற்றிக்கொள்கிறார்கள். டொபாக்கோ கிரீக் விவசாயிகள் ஒன்றுசேர்ந்து, 1980-களிலிருந்தே ஓடைகளில் சின்னச் சின்ன அணைகள் கட்டினார்கள். வெள்ளத்தின் வேகமும் குறைந்தது, சத்தில் ஒரு பகுதியும் அங்கேயே தங்கியது. ஆறு ஏரியில் கலக்கும் இடத்திலுள்ள நெட்லி சதுப்பு நிலத்தில், பாஸ்பரஸை உறிஞ்சி வளர்ந்த சம்புப் புல்லை அறுத்து எரிபொருளாக்கும் முயற்சியும் நடந்தது.

நம் ஊரில் பனி இல்லை. அவர்கள் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பெருமழைக்கு முந்தின நாள் மேலாகத் தூவிய டி.ஏ.பி., வாய்க்காலோடு போவதைப் பார்க்காத விவசாயி இல்லை. போவது காசு மட்டும் அல்ல.

நவம்பர் 10

மானிடோபாவில் நவம்பர் 10 முதல் ஏப்ரல் 10 வரை வயலில் தொழுவ உரம் இடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. உறைந்த மண்ணின் மேல் கொட்டிய உரம், வசந்தத்தில் அப்படியே ஆற்றுக்குப் போய்விடும் என்பதால் இந்தத் தடை. அக்டோபர் கடைசியில் செல்கிர்க் படகுத்துறையில் கூட்டம் இருக்கும் அதே நாட்களில், மேற்கேயும் தெற்கேயும் பண்ணைகளில் உர வண்டிகள் அவசரமாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மண் உறையுமுன், ஆறு உறையுமுன் என்று நாள் எண்ணுவார்கள்.

பிறகு ஆறு உறையும். படகுகள் கொட்டகைக்குப் போகும். பனிக்கட்டி கனத்ததும், அதன் மேல் சிறு குடிசைகள் முளைக்கும். துளை போட்டு, அதே ஷைனரைக் கோத்து, அதே பிக்கரலுக்காக ஆட்கள் காத்திருப்பார்கள்.

ஏப்ரலில் பனி உருகும். வயல் தண்ணீர் ஓடையில் இறங்கும், ஓடை ரெட் நதியில் சேரும். இலையுதிர் காலம் முழுக்க ஷைனரைத் தின்று முட்டை வளர்த்த பிக்கரல், அந்த நேரத்தில்தான் முட்டையிடக் கிளம்பும். குஞ்சுகள் பொரித்து வரும்போது ஆற்றிலும் ஏரியிலும் இருப்பது, வயல்கள் அனுப்பிய அந்தத் தண்ணீர்தான்.